மாற்றம் வந்தால் சின்னத் தொழில் பிழைக்குமா? கோவை கிரைண்டரை முன்வைத்து

வாசகர் கேள்வி

"தொடர்ந்து மேம்படுத்து, மாற்றத்தில் வாய்ப்பைத் தேடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். டொயோட்டாவுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் அது சரி. சின்ன ஷெட்டில் ஒரு லேத்தைப் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மாற்றம் என்றால் புது டை (அச்சு), புதுக் கடன், விற்காத பழைய ஸ்டாக். இதில் வாய்ப்பு எங்கே இருக்கிறது? யாராவது சொந்த அனுபவத்தில் சொல்லுங்கள்."

3 ஆகஸ்ட் 2024

சொந்த அனுபவம் கேட்டதால் எழுதுகிறேன். கோவை கணபதியில் கிரைண்டர் உதிரி பாகங்கள் செய்து விற்கிறேன். புஷ் (பின்னுக்கு மேல் சுற்றும் சின்னக் குழாய் மாதிரி பாகம்), பின், லாக், மாவு வழிக்கும் ஸ்கிராப்பர் இவைதான். முழு கிரைண்டர் செய்வதில்லை.

என் பிழைப்பே வேறு யாரோ செய்த மேம்பாட்டில் மிச்சமான குறையில்தான் ஓடுகிறது. ஒரு பொருளை யார் மேம்படுத்தினாலும் பழைய தொல்லை ஒன்று போகும், புதுத் தொல்லை ஒன்று வரும். அந்தப் புதுத் தொல்லை முதலில் வந்து நிற்பது பெரிய கம்பெனியின் வாசலில் இல்லை, ரிப்பேர் கடையில். அதனால் சின்ன ஆளுக்கு இடம் உண்டு என்பது என் கட்சி.

கிரைண்டர் வந்த வழியைப் பாருங்கள். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவியை நாம் சுற்றுவோம். 1955ல் கோவையில் பி. சபாபதி மின் கிரைண்டரைச் செய்தபோது இது தலைகீழானது. உரல் சுற்றியது, குழவி நின்ற இடத்தில் நின்றது. கை வலி போயிற்று. ஆனால் அரைத்து முடித்ததும் அந்தக் கனத்த குழவியைத் தூக்கி வைத்து, உரலுக்குள் கையை விட்டு மாவை வழிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த வேலை வந்தால் அம்மா அப்பாவைத்தான் கூப்பிடுவார்.

இந்தத் தொல்லைக்குப் பதிலாக வந்ததுதான் டில்டிங் கிரைண்டர். டிரம்மைச் சாய்த்தால் மாவு பாத்திரத்தில் விழும். சரி, ஆனால் அது அடுப்படியில் ஒரு ஆள் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அபார்ட்மென்ட் வீடுகள் வந்ததும் இடம் இல்லை. அப்புறம் டேபிள் டாப் வந்தது. ஸ்டீல் டிரம், அடியில் கல், மேலே கூம்பு மாதிரி இரண்டு மூன்று உருளைக் கற்கள். டிரம்மைக் கழற்றி அப்படியே சிங்க்கில் கழுவலாம். இரண்டு லிட்டர் மெஷினுக்கு 150 வாட் மோட்டார் போதும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கோவையில் புதிதாக ஒரு கூட்டம் தொழிலுக்குள் வந்தது. ஸ்டீல் டிரம் செய்பவர், கல் ஒட்டுபவர், பெல்ட் விற்பவர், பிளாஸ்டிக் மோல்டிங் செய்பவர். பெயர் தெரிந்த கம்பெனிகளைவிட இவர்கள்தான் அதிகம்.

4 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். இதெல்லாம் கோவையில் நடந்ததற்குக் காரணம் உண்டு. கிரைண்டர் கல், பக்கத்தில் இருக்கும் ஊத்துக்குளிக் கல். மோட்டார் செய்யும் பழக்கம் இந்த ஊரில் 1930களிலேயே வந்துவிட்டது. வார்ப்பட ஆலை, லேத் பட்டறை, பம்ப் கம்பெனி எல்லாம் சுற்றிலும் இருந்தன. அதனால்தான் ஒரு குறை தெரிந்ததும் அடுத்த தெருவிலேயே திருத்த முடிந்தது. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் சும்மா இல்லை. மேம்பாடு என்பது ஒரு ஆளின் புத்தியில் மட்டும் நடக்கும் விஷயம் என்று நினைப்பவர்கள் பட்டறைகள் நிறைந்த ஆவாரம்பாளையம் ரோட்டில் ஒரு காலை நேரம் நடந்து பார்க்கலாம்.

4 ஆகஸ்ட் 2024, இரவு

"மிச்சமான குறை என்கிறீர்கள், ஒரு உதாரணம் விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சோறு போடும் உதாரணத்தையே சொல்கிறேன்.

டேபிள் டாப்பில் டிரம் சுற்றும்போது உருளைக் கற்கள் அடிக்கல்லோடு உரசித் தாமாக உருளும். ஒவ்வொரு உருளைக்குள்ளும் ஒரு புஷ், அந்தப் புஷ்ஷுக்குள் ஒரு ஸ்டீல் பின். பின் சுற்றாது, புஷ் சுற்றும். புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழையும் அளவுதான் இடைவெளி. நாளாக ஆக மாவு நீர் உள்ளே இறங்கும், அதோடு கல்லின் பொடியும் போகும். இரண்டும் சேர்ந்து உப்புத்தாள் வேலையைச் செய்யும். பழைய பின்னைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் தட்டும். மறு பக்கம் புதிதாக இருக்கும். பாரம் எப்போதும் ஒரே திசையில் விழுவதால் பின் ஒரு பக்கமாகத் தேய்கிறது. புஷ் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதன் ஓட்டை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெரிதாகிறது. அதன் பிறகு "டக், டக்" என்று சத்தம் வரும். அரைத்த உளுந்தில் லேசாகச் சாம்பல் நிறம் தெரியும். அப்போதுதான் மஞ்சள் பையில் கற்களைப் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார்கள்.

வருகிறவர்கள் கேட்பது புஷ் மட்டும்தான். தேய்ந்த பின்னில் புதுப் புஷ்ஷைப் போட்டால் சில மாதத்தில் அதே சத்தம் திரும்பும். அப்படி ஒரு வீட்டு அம்மா அதே பையோடு திரும்பி வந்தார்கள். "தம்பி, போன தடவை போட்டது நிற்கலையே" என்றார்கள். அவர்களைப் போல இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். அதிலிருந்து புஷ், பின், மேலே ஒரு சீல் மூடி மூன்றையும் ஒரே கவரில் போட்டு செட்டாக விற்க ஆரம்பித்தேன். புஷ்ஷை நைலானிலிருந்து டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்குக்கு மாற்றினேன், ஏனென்றால் நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும், டெல்ரின் அவ்வளவாகக் குடிக்காது. பின்னுக்கு இன்னும் கெட்டியான ஸ்டீல் எடுத்தேன்.

எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டை செலவும் பெரிதாக இல்லை, எல்லாம் லேத்தில் பிடித்த வேலை. ஆனால் புஷ் தனியாக விற்றதைவிட செட்டில் லாபம் அதிகம், புகார் குறைவு. வெளியூர் ரிப்பேர் கடைக்காரர்கள் செட்டாகவே கேட்கிறார்கள்.

6 ஆகஸ்ட் 2024

இரண்டு நாள் யோசித்த பிறகு என் கட்சியையே கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. "புகார் இருக்கும் இடத்தில் வாய்ப்பு" என்று பொதுவாகச் சொன்னால் அது பாதிதான் உண்மை.

கிரைண்டர் பற்றி வீடுகளில் அதிகம் கேட்கும் புகார் சத்தம். பேசும்போது எல்லாரும் சொல்வார்கள். சத்தம் குறைந்த மாடலுக்கு முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பீர்களா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். வாரத்தில் இரண்டு தடவை அரை மணி நேரம் ஓடும் சாமானுக்கு அவர்கள் கணக்கு சரிதான், குறை சொல்ல முடியாது.

மாவுக் கடைக்காரரிடம் போங்கள். அவர் சத்தத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆனால் அவருடைய இருபது லிட்டர் டில்டிங் மெஷின் விடியற்காலை நின்றுவிட்டால் அன்றைக்கு வியாபாரம் இல்லை, ஊற வைத்த உளுந்தும் வீண். அவர் புகார் செய்ய மாட்டார், போனில் "உடனே வாங்க" என்பார். விலை கேட்பது வேலை முடிந்த பிறகு.

அதனால் நான் பார்ப்பது இதைத்தான்: குறையால் யாருக்குப் பணம் நஷ்டமாகிறது? நஷ்டம் இருந்தால் அங்கே தொழில் இருக்கிறது. வெறும் எரிச்சல் என்றால் அதைச் சரிசெய்து கொடுப்பது நல்ல காரியம், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

6 ஆகஸ்ட் 2024, இரவு

மாவுக் கடை பற்றிச் சொன்னதும் ஒருவர், "வீட்டில் யாரும் அரைப்பதே இல்லை, உங்கள் தொழில் இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பெங்களூரில் 2005ல் பி.சி. முஸ்தபாவும் அவர் உறவுக்காரர்களும் ஆரம்பித்த ஐடி (iD) பாக்கெட் மாவு இன்று எத்தனை ஊர் கடைகளில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், நம் ஊரில் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி கடையில் தொங்கும் பேர் இல்லாத மாவு பாக்கெட்.

வீட்டுக் கிரைண்டர் விற்பனைக்கு இது அடி என்பது உண்மை. ஆனால் மாவு எங்கோ அரைபட்டுத்தானே ஆக வேண்டும். இருநூறு வீட்டில் வாரத்துக்கு இருமுறை ஓடியது இப்போது ஒரே இடத்தில் தினமும் மணிக்கணக்கில் ஓடுகிறது. அங்கே கல் சீக்கிரம் வழுவழுப்பாகும். வழுவழுப்பான கல் அரைக்காது, தேய்க்கும். மாவு சூடாகும், நேரம் இழுக்கும், கரண்ட் பில் ஏறும். அந்தக் கல்லைத் திரும்பக் கொத்த வேண்டும்.

"அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிப் போனவர்களின் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைத்திருந்தோம். எங்கள் பகுதியில் ஒரு கல் கொத்துபவர் இப்போது உளியோடு ஒரு கையடக்க கிரைண்டிங் மெஷினும் வைத்துக்கொண்டு, டூவீலரில் மாவுக் கடை மாவுக் கடையாகப் போகிறார். மாதம் ஒரு முறை வருவதாகப் பேசி வைத்திருக்கிறார். கடைக்காரர் கூப்பிட வேண்டியதே இல்லை. அவருடைய அப்பா வீடு வீடாகக் கூவினார், இவர் தேதி குறித்துப் போகிறார். வேலை அதேதான். பணம் கொடுக்கும் ஆள் மாறியிருக்கிறார், அதை இவர் சரியான நேரத்தில் பார்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

9 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட நண்பர் "டிவிஎஸ்ஸுக்குச் சரி" என்று எழுதியிருந்தார், அதற்குப் பதில் சொல்லாமலே விட்டிருந்தேன்.

1998ல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக டெமிங் பரிசு வாங்கியது சுந்தரம் கிளேட்டன்தான். டிவிஎஸ் குழுமம், சென்னை பாடி. பிறகு 2002ல் டிவிஎஸ் மோட்டாரும் வாங்கியது. தர மேம்பாட்டுக்காக ஜப்பானில் 1951ல் ஏற்படுத்திய பரிசு அது. பணம் இருந்தால் வாங்கிவிடலாம் என்ற விஷயம் இல்லை. மெஷினில் நிற்கும் ஆள் தினமும் பார்க்கும் சின்னக் கோளாறை எழுதி வைத்து, காரணம் தேடி, மாற்றி, மாற்றியது நிற்கிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். இதை ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து விடாமல் செய்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம். நம் கடையில் மெஷினில் நிற்பதும் நாம், புகார் கேட்பதும் நாம், முடிவு எடுப்பதும் நாம். மூன்று பேருக்கு நடுவில் ஓட வேண்டிய காகிதம் மிச்சம். அந்த வகையில் நமக்குத்தான் வசதி.

நமக்கு இல்லாதது ஒன்று, எழுதி வைக்கும் பழக்கம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். வந்த சாமான், என்ன மாடல், எது தேய்ந்தது, எந்தப் பக்கம் தேய்ந்தது. இவ்வளவுதான். மாதக் கடைசியில் புரட்டினால் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். மனதில் வைத்திருந்தால் கடைசியாக வந்த சண்டைக்காரர் மட்டும்தான் நினைவில் நிற்பார்.

9 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

நோட்டுக்குப் பதில் செல்போனில் எழுதலாமே என்கிறார்கள். எழுதலாம். என் கையில் எப்போதும் லேத்தில் ஊற்றும் கூலன்ட் இருக்கும், அதனால் நோட்டு.

13 ஆகஸ்ட் 2024

இதை எழுதலாமா என்று யோசித்தேன், ஏனென்றால் கேட்டால் கதை மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான விஷயம் எனக்குத் தெரியாது. சாக்லேட்.

2000க்குப் பிறகு அமெரிக்காவில் சிலர் கொக்கோ விதையிலிருந்தே வீட்டில் சாக்லேட் செய்ய முயன்றார்கள். தொழிற்சாலை மெஷின் கட்டுப்படியாகாது. அவர்கள் கையில் அகப்பட்டது நம் ஊர் டேபிள் டாப் கிரைண்டர். கல்லில் கல் உரசும் அதே தத்துவம். கொக்கோவும் சர்க்கரையும் நாக்கில் நறநறக்காமல் இருக்க வேண்டுமானால் துகள் 20, 25 மைக்ரான் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கு மெஷின் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும்.

இட்லி மாவுக்குச் செய்த மெஷின் முப்பது நாற்பது நிமிடத்துக்குச் செய்தது. விடாமல் ஓட்டினால் மோட்டார் காயும், புஷ் தேயும், பெல்ட் அறும். புகார்கள் கடல் தாண்டி கோவைக்கு வந்தன. அதைத் தொந்தரவாக நினைத்து, "கியாரன்டி கிடையாது, இது மாவு அரைக்கத்தான்" என்று பதில் எழுதியிருக்கலாம். சில பேர் அப்படி எழுதாமல் மெஷினை மாற்றினார்கள். பெரிய மோட்டார், காற்றோட்டம், நீண்ட நேரம் தாங்கும் புஷ், கல்லின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அதற்கு மெலாஞ்சர் என்று பெயர், இட்லி கிரைண்டரைவிடப் பல மடங்கு விலை. சாந்தா, ஸ்பெக்ட்ரா, கொக்கோ டவுன் என்று இன்று உலகத்தில் சின்ன சாக்லேட் பட்டறைகளில் இருக்கும் பெயர்களைத் தேடிப் பாருங்கள், நூல் கோவைக்கு வந்து சேரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இட்லி மாவுக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிப் புளிப்பு சரியாக வராது, இட்லி கல்லாகும் என்று சொல்லித்தான் கிரைண்டரை விற்கிறோம். சாக்லேட்டில் உரசலால் வரும் சூடு வேண்டும், இல்லாவிட்டால் கொக்கோ வெண்ணெய் உறைந்து கல்லே நின்றுவிடும். இட்லி மாவில் தண்ணீர் ஊற்றி ஊற்றி அரைக்கிறோம். சாக்லேட்டில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் மொத்தமும் கட்டி தட்டிவிடும், அதனால் கழுவிய கல்லை முழுக்கக் காய வைக்க வேண்டும். ஒரே மெஷின், ஒரு இடத்தில் குறை என்று திருத்தியது இன்னொரு இடத்தில் தேவையாகிறது. இதை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் யோசித்திருக்க முடியாது. வாங்கியவர் தவறான வேலைக்குப் பயன்படுத்தினார், செய்தவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார்.

இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக கொக்கோ இருக்கிறது. தோட்டத்துக்காரர்களில் சிலர் விதையை விற்காமல் சாக்லேட்டாகவே செய்கிறார்கள். மெஷின் வாங்க அவர்கள் பயணப்படும் தூரம் ஒரு மணி நேரம் சொச்சம்.

14 ஆகஸ்ட் 2024

சாக்லேட் பதிவைப் படித்துவிட்டு "அப்படியானால் எல்லா மாற்றமும் நல்லதா?" என்று ஒருவர். இல்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை.

ஜிஎஸ்டியைப் பாருங்கள். 2017 ஜூலையில் கல் கிரைண்டருக்கு 28 சதவீதம் போட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 12 ஆனது. 2019 அக்டோபரில் 5. 2022 ஜூலையில் 18. ஐந்து வருஷத்தில் நாலு விகிதம். 5ல் இருக்கும்போது விலைப்பட்டியல் அடித்தவர், ஆர்டர் பிடித்தவர், ஸ்டாக் ஏற்றியவர் எல்லாரும் 18 வந்ததும் தடுமாறினார்கள். இதில் என்ன மேம்பாடு? அரசு ஒரு விகிதத்தை வைத்தால் சில வருஷமாவது வைக்க வேண்டும், கல்லும் மோட்டாரும் வைத்துப் பிழைக்கும் சின்னத் தொழிலுக்கு இது ரொம்ப அவசியம். 18 வந்த பிறகு புதுசு விலை கேட்டுவிட்டுப் பழசையே சரி பண்ணிக்கொண்டு போனவர்கள் என் கடையில் கூடினார்கள், உண்மை. ஆனால் பக்கத்து ஷெட்காரருடைய நஷ்டத்தை வாய்ப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கிரைண்டர் செய்தால்தான் பத்து வருஷம் கழித்து நான் புஷ் விற்க முடியும்.

2011 செப்டம்பரில் ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இதற்கு நேர் எதிர். கடையில் புதுக் கிரைண்டர் கேட்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் அதுவரை கிரைண்டரே இல்லாத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. கொஞ்ச வருஷம் கழித்து அந்த மாடல்களுக்கான பெல்ட்டும் புஷ்ஷும் வேண்டும் என்று சின்ன ஊர்களிலிருந்தெல்லாம் ரிப்பேர்காரர்கள் கேட்டார்கள். மெஷின் வருவதற்கும் பழுது வருவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறதே, அதில் தயாரானவர்கள் பிழைத்தார்கள். இப்போது ஏசியிலும், கரண்ட் கம்மியாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனிலும், மின்சார ஸ்கூட்டரிலும் அதே இடைவெளியில்தான் நாம் நிற்கிறோம். மோட்டார் காயில் கட்டத் தெரிந்த பையன்கள் சர்க்யூட் போர்டு பார்க்க இன்றைக்கே கற்றுக்கொள்ளட்டும். 28 வாட்டில் ஓடும் ஃபேன் 75 வாட் ஃபேனைத் தூக்கிவிடும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மின்னல் மழைக்குப் பிறகு போர்டு போன ஃபேனோடு வருபவருக்கு இப்போது பல கடைகளில் கிடைக்கும் பதில் "புதுசு வாங்கிக்கோங்க" என்பதுதான்.

17 ஆகஸ்ட் 2024

தொழிலை எப்படி ஆரம்பிப்பது என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: முதலில் எதையும் செய்ய ஆரம்பிக்காதே. ஒரு ரிப்பேர் கடையில் குப்பைப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார். கடைக்காரர் கழற்றிப் போட்ட பாகங்கள் அதில் இருக்கும். ஒரே பாகம் ஒரே இடத்தில் உடைந்து நிறைய கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வா, அளவு எடுப்போம். மார்க்கெட் ஆய்வு எல்லாம் அதற்குப் பிறகு.

22 ஆகஸ்ட் 2024

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக. கடலை வெண்ணெய் செய்யும் ஒரு பெண் தொழில்முனைவோர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கிரைண்டரில் நிலக்கடலை அரைக்கிறார். என் செட்டில் இருக்கும் சீல் மூடி அவரிடம் நிற்கவில்லை. கொண்டுவந்து காட்டினார், ஓரம் ஊதி, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. அரிசி உளுந்து நீரைத் தாங்கும் ரப்பர் எண்ணெயைத் தாங்கவில்லை. நைட்ரைல் ரப்பர் தாங்கும், ஆனால் உணவுக்கு உகந்த தரத்தில் சின்ன அளவில் யார் கொடுப்பார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சீலே வேண்டாம், புஷ்ஷிலேயே ஒரு உதடு கடைந்துவிடலாம் என்கிறார் எங்கள் லேத் ஆபரேட்டர். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. இரண்டிலும் ஒவ்வொன்று செய்து அந்த அம்மாவிடமே ஓட்டிப் பார்க்கக் கொடுக்கப் போகிறோம். எண்ணெய் வித்து அரைப்பவர்கள் வேறு யாராவது இங்கே இருந்தால் தேய்ந்த பின்னின் படத்தைப் போடுங்கள், எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரிகிற மாதிரி.